முதல் கியூப்சாட் விண்ணிலிருந்து பேச வேண்டுமானால்: இளம் பொறியாளருக்கான செய்முறை

1யு (ஓர் அலகு) கியூப்சாட் என்பது 100 மி.மீ. நீளமும் 100 மி.மீ. அகலமும் 113.5 மி.மீ. உயரமும் கொண்ட பெட்டி வடிவச் சிறு செயற்கைக்கோள். ஒரு மாணவர் படித்து முடிக்கும் காலத்துக்குள் கட்டிப் பறக்கவிடக்கூடிய அளவாக, 1999இல் கால் பாலி பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புய்க்-சுவாரியும் ஸ்டான்ஃபோர்டின் பாப் ட்விக்ஸும் இதை வகுத்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று பறந்தபோது அதன் எடை 40 கிலோ. 2016 ஜூன் 22இல் பறந்த சத்யபாமாசாட் 1.5 கிலோதான். இலங்கையின் முதல் செயற்கைக்கோளான ராவணா-1 ஒரு 1யு. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் பயிற்சி பெற்ற இளம் பொறியாளர்கள் கட்டிய அது, 2019 ஜூன் 17 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது.

முதல் முறை கட்டும் குழுக்கள் அடிக்கடி சந்திக்கும் தோல்வி ஒன்று உண்டு. ஏவூர்தி நன்றாகப் போகும், கோள் சரியான இடத்தில் விடப்படும், அதற்குப் பிறகு ஒரு சிக்னல்கூட வராது. இதற்குக் கதிர்வீச்சையும் விண்வெளியின் கடுமையையும் காரணம் சொல்வது எளிது. விடப்பட்ட முதல் நாளிலேயே கோள் பேசவில்லை என்றால், சந்தேகம் முதலில் போக வேண்டியது பிடிப்பு விட்ட இணைப்பு, சார்ஜ் ஏறாத பேட்டரி, விரியாத ஆன்டெனா, ஓயாமல் ரீசெட் ஆகும் கணினி ஆகியவற்றின் மீதுதான். இவை எல்லாமே தரையில் கண்டுபிடிக்கக்கூடியவை. முழுக்கோளையும் ஒன்றாகச் சேர்த்துப் போதிய நாள் ஓட்டிப் பார்க்காததால்தான் தப்பிவிடுகின்றன.

ஆகவே காலண்டரை முதலில் பிரியுங்கள். கையில் 24 மாதம் இருந்தால் 12ஆம் மாத முடிவில் முழுக்கோள் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீதிப் பாதி சோதனைக்கு. அந்தப் பாதியைக் கடித்துக்கொண்டு போகும் எந்தப் புதிய வசதியையும் மறுத்துவிடுங்கள். இரண்டாவது கேமரா வேண்டும் என்று பேராசிரியரே கேட்டாலும் பதில் அதுதான்.

மின்சாரக் கணக்கு

எதையும் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் போடுங்கள். 500 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 95 நிமிடம். அதில் பூமியின் நிழலில் 35 நிமிடம் வரை போகும். ஏறத்தாழ 30 சதுர செ.மீ. பரப்புள்ள மூன்றடுக்கு சோலார் செல்கள் ஒரு முகத்துக்கு இரண்டு என்று வைத்தால், சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு முகம் 2.3 வாட் தரும். ஐந்து முகங்களில் செல் ஒட்டி, கோள் எப்படியும் உருண்டுகொண்டே இருக்கும் என்று கொண்டால், வெயில் விழும் பரப்பு சராசரியாக ஒன்றேகால் முகத்துக்குச் சமம். அதாவது 2.9 வாட். நிழல் நேரத்தைக் கழித்தால் 1.8. கன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் போவதைக் கழித்தால் கைக்கு வருவது 1.5 வாட்.

செலவைப் பாருங்கள். கணினி 0.3 வாட், எப்போதும் விழித்திருக்கும் ரிசீவர் 0.25, மின் பலகை தனக்கே எடுத்துக்கொள்வது 0.1. 1 வாட் ரேடியோ அலை அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் பேட்டரியிலிருந்து 3.5 வாட் வரை இழுக்கும். 30 விநாடிக்கு ஒருமுறை 3 விநாடி பீக்கன் (கோள் தான் உயிரோடு இருப்பதைத் தானே அறிவிக்கும் சிறு சிக்னல்) அனுப்பினால் சராசரி 0.35 வாட். மொத்தம் 1 வாட். ஒரு சுற்றில் 10 நிமிடம் தரவிறக்கம் செய்தால் இன்னொரு 0.37. மிச்சம் 0.13 வாட்தான். பேட்டரி ஹீட்டரை இதில் இன்னும் சேர்க்கவில்லை. பீக்கனை 60 விநாடிக்கு ஒன்றாக்குங்கள், தரவிறக்கத்தைத் தரையிலிருந்து கட்டளை வந்தால் மட்டும் செய்யுங்கள், 30 சதவீதம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். செல்களின் தரவுத்தாளில் போட்டிருக்கும் திறன் 28 டிகிரி செல்சியஸில் அளந்தது. வெயிலில் சூடேறிய செல் அதைவிடக் குறைவாகவே தரும்.

18650 வகை லித்தியம்-அயன் செல்லை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே உலோக லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். ஹீட்டர் இருந்தால் மட்டும் போதாது. வெப்பநிலை 0க்குக் கீழே இருக்கும்போது சார்ஜிங்கைத் துண்டிக்கும் சுற்றும் வேண்டும், அது மென்பொருளை நம்பி இருக்கக் கூடாது.

அலைவரிசை அனுமதி

அமெச்சூர் அலைவரிசையில் பேசுவதாக இருந்தால் சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பு வேண்டும். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. உரிமமும் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் தேவை. எல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும். திட்டத்தின் முதல் மாதத்திலேயே ஒருவரை இதற்கென்று உட்கார வையுங்கள். தரையிலிருந்து கட்டளை கொடுத்தால் டிரான்ஸ்மிட்டர் நிற்க வேண்டும் என்பது கட்டாய விதி. அந்தக் கட்டளையை முதலில் எழுதி, முதலில் சோதியுங்கள்.

மேசைமேல் கோள்

எல்லாப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மேசையில் பரப்பி, கேபிளால் இணைத்து ஓட்டுவதைத்தான் ஃபிளாட்சாட் என்கிறோம். எந்தப் புள்ளியிலும் ஆஸிலோஸ்கோப் முனையை வைக்க முடியும் என்பதே இதன் பயன். அடுக்கிவிட்டால் அது போய்விடும்.

இங்கே முதலில் வம்பு செய்வது ஐ2சி பஸ், அதாவது பலகைகள் ஒன்றோடொன்று பேசும் இரு கம்பித் தடம். வாங்கிய ஒவ்வொரு பலகையிலும் அதனதன் புல்-அப் ரெசிஸ்டர் (கம்பியை உயர்நிலையில் பிடித்து வைப்பது) இருக்கும். நான்கு பலகையில் 4.7 கிலோ ஓம் வீதம் இருந்தால், பக்க இணைப்பில் அது 1.2 கிலோ ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். சில சில்லுகளால் அந்த மின்னோட்டத்தைத் தாழ்நிலைக்கு இழுக்க முடியாது. அறை வெப்பநிலையில் வேலை செய்யும், குளிரிலோ சூட்டிலோ தடுமாறும். ஒரே ஒரு பலகையில் மட்டும் புல்-அப்பை விட்டு மற்றவற்றைக் கழற்றுங்கள். அடுத்தது, பேச்சின் நடுவே கணினி ரீசெட் ஆனால், எதிரே உள்ள சென்சார் டேட்டா கம்பியைக் கீழே பிடித்தபடி நின்றுவிடும். பஸ் மொத்தமும் செத்துப்போகும். கணினி எழுந்தவுடன் கிளாக் கம்பியில் ஒன்பது துடிப்பு அனுப்பினால் பெரும்பாலும் விடுவிக்கும். விடாவிட்டால் அந்தச் சென்சாரின் மின்சாரத்தை மட்டும் வெட்டித் திரும்பக் கொடுக்க வழி வேண்டும். ஒவ்வொரு சுமைக்கும் மின்னோட்ட வரம்புள்ள தனி ஸ்விட்ச் வைப்பது இதற்காகத்தான். கதிர்வீச்சால் ஒரு சில்லு லாட்ச்-அப் ஆனாலும் (உள்ளே ஷார்ட் போல மாட்டிக்கொண்டு மின்னோட்டத்தை இழுத்தாலும்) அதே ஸ்விட்ச் காப்பாற்றும்.

இரண்டாவது வம்பு பெஞ்ச் பவர் சப்ளை. அது எவ்வளவு மின்னோட்டம் கேட்டாலும் அசையாது. உண்மையான பேட்டரி, குளிரில், பாதி சார்ஜில் இருக்கும்போது டிரான்ஸ்மிட்டர் எழுந்தால் வோல்டேஜ் சரியும், கணினி ரீசெட் ஆகும், மறுபடி எழுந்து மறுபடி பீக்கன் அனுப்பப் போய் மறுபடி விழும். இப்படியே பேட்டரி தீரும். ஃபிளாட்சாட்டின் இரண்டாவது வாரத்திலிருந்து பெஞ்ச் சப்ளையை அலமாரியில் வைத்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. புரோகிராமரும் யு.எஸ்.பி. கேபிளும் தங்கள் தரவுக் கம்பிகள் வழியாகவே கோளுக்குக் கொஞ்சம் மின்சாரம் கசியவிடும். கோள் அந்தக் கசிவில்தான் எழுகிறது என்பதே தெரியாமல் மாதங்கள் போகும். ஒரு கேபிளும் இல்லாமல், பேட்டரி முழுதாகத் தீர்ந்த நிலையிலிருந்து, சோலார் பேனல் வெளிச்சத்தில் மட்டும் கோள் தானே எழுந்து பீக்கன் அனுப்புகிறதா என்று பாருங்கள். இதற்கு விலையுயர்ந்த சிமுலேட்டர் வேண்டியதில்லை. மேகமில்லாத நண்பகலில் மொட்டை மாடியில் ஒரு சதுர மீட்டருக்கு 900 முதல் 1000 வாட் வரை வெயில் விழும். விண்ணில் அது 1361 வாட். மாடி வெயிலில் எழாத கோளை நம்பி அனுப்பாதீர்கள்.

ஆன்டெனா விரியும் அரை மணி நேரம்

முழுத் திட்டத்திலும் அதிகக் கவலைக்குரிய இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கியூப்சாட் விதிப்படி, கோள் விடப்பட்டு 30 நிமிடம் ஆகும்வரை எதுவும் விரியக் கூடாது, 45 நிமிடம் ஆகும்வரை ரேடியோ பேசக் கூடாது. பக்கத்தில் விடப்பட்ட மற்ற கோள்களையும் ஏவூர்தியையும் பாதுகாக்க இந்த விதி. எல்லாரும் கணினியில் ஒரு டைமர் எழுதுவார்கள்: எழுந்ததிலிருந்து 1800 விநாடி எண்ணு, பிறகு கம்பியைச் சுடு. இந்த ஒரு வரியில் கோளைக் கொல்லும் குழி இருக்கிறது. ஏதோ காரணத்தால் கோள் 25 நிமிடத்துக்கு ஒருமுறை ரீசெட் ஆகிறது என்று வையுங்கள். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஆன்டெனா என்றைக்கும் விரியாது. எண்ணிக்கையை நிமிடத்துக்கு ஒருமுறை எஃப்-ராம் போன்ற அழியாத நினைவகத்தில், மூன்று இடங்களில் எழுதி, எழும்போது பெரும்பான்மை மதிப்பை எடுத்துத் தொடருங்கள். ஏவூர்தியில் ஏற்றும் முன் அதைச் சுழியமாக்கும் கட்டளையும் வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்தில் எண்ணிய நிமிடங்களோடு கோள் பறந்து, விடப்பட்ட அடுத்த நொடியே ஆன்டெனாவை விரித்துவிடும்.

437 மெகா ஹெர்ட்ஸுக்குக் கால்-அலை நீளம் 17 செ.மீ. டைபோல் என்றால் அப்படி இரண்டு கை. டேப் மெஷர் எஃகுப் பட்டை இதற்கு நன்றாகவே உதவும். பட்டையை மடக்கி, நைலான் அல்லது டைனீமா நூலால் கட்டி, நூல் ஒரு நிக்ரோம் கம்பியையோ சிறு ரெசிஸ்டரையோ அழுத்தித் தொடும்படி வைப்பார்கள். கம்பி சூடானால் நூல் அறும். வெற்றிடத்தில் காற்று இல்லாததால் கம்பி அதிகம் சூடாகும், மெல்லிய கம்பி நூலுக்கு முன்னால் தானே அறுந்துவிடலாம். குளிரிலோ நூல் இறுகி, பேட்டரி தளர்ந்து, மேசைமேல் 3 விநாடியில் அறுந்த நூல் 15 விநாடி எடுக்கலாம். அதனால் சுடும் நேரத்தை மேசைச் சோதனையில் நிர்ணயிக்காதீர்கள். எதிர்பார்க்கும் மிகக் குறைந்த வெப்பநிலையில், மிகக் குறைந்த பேட்டரி வோல்டேஜில், வெற்றிடத்தில் குறைந்தது பத்து முறை அறுத்துப் பார்த்து, கண்ட அதிகபட்ச நேரத்தின் இரு மடங்கை வையுங்கள். நூலைக் கட்டும் இழுவிசையும் கணக்கில் வரும். தளர்வாகக் கட்டிய நூல் கம்பியைத் தொடாது. முடிச்சுக்கு ஒரு துளி எபாக்ஸி வைக்கலாம், ஆனால் கம்பி தொடும் இடத்தில் வழிந்துவிடாமல் உருப்பெருக்கியில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு கம்பி, இரண்டுக்கும் தனித்தனி சுற்று. விரிந்ததா என்று சொல்லும் ஸ்விட்ச் பொய் சொல்லக்கூடும். ஸ்விட்ச் விரிந்துவிட்டதாகச் சொன்னாலும், தரையிலிருந்து நிறுத்தச் சொல்லும்வரை சில மணி நேரத்துக்கு ஒருமுறை முதல் கம்பி, அடுத்த முறை இரண்டாவது கம்பி என்று மாறி மாறிச் சுட்டுக்கொண்டே இருக்கட்டும். 45 நிமிடத்துக்குப் பிறகு, ஆன்டெனா விரியாவிட்டாலும் பீக்கன் அனுப்பட்டும். மடங்கிய ஆன்டெனாவிலிருந்து கசியும் மெல்லிய சிக்னலைப் பெரிய டிஷ் உள்ள ஒருவர் கேட்க வாய்ப்பு உண்டு. ரேடியோவின் கடைசி நிலைப் பெருக்கி அந்தப் பொருந்தாச் சுமையைத் தாங்குமா என்று முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும்.

பறக்கும் கோளை அடுக்குதல்

பறக்கப்போகும் பலகையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் பயிற்சிப் பலகையில் சாலிடர் செய்து, வேறொருவர் 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கிரிம்ப் செய்த கம்பிகளை இழுத்துச் சோதிக்க வேண்டும். சாலிடர் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம் கலந்தது, 183 டிகிரியில் உருகுவது. ஈயமில்லாத தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து காலப்போக்கில் முடி போன்ற உலோக இழைகள் வளர்ந்து பக்கத்துக் காலைத் தொட்டு ஷார்ட் ஆக்கும். கடையில் வாங்கும் கனெக்டரிலும் திருகிலும்கூட இந்தப் பூச்சு இருக்கும், பார்த்து வாங்குங்கள். கம்பிக்கு டெஃப்லான் உறை. பி.வி.சி. உறை வெற்றிடத்தில் ஆவி கக்கும், அந்த ஆவி கேமரா லென்ஸிலும் சோலார் செல்லிலும் படியும். பசை, பெயின்ட், டேப் எதுவானாலும் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்கும், ஒடுங்கிப் படியும் பொருள் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். கேப்டான் எனும் பாலிஇமைடு டேப் சரி. கடையில் கிடைக்கும் சாதாரண இன்சுலேஷன் டேப் கூடவே கூடாது.

வேலை எப்போதும் இருவராக. ஒருவர் செய்முறைத் தாளை உரக்கப் படிக்க, மற்றவர் செய்து, செய்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருகாணிகளை டார்க் டிரைவரால் மட்டும் முடுக்குங்கள். அளவு உங்கள் சட்டகத் தயாரிப்பாளரின் தாளில் இருக்கும். முடுக்கியதும் தலையிலிருந்து சட்டகம்வரை ஒரு கோடு பெயின்ட் இழுங்கள். அதிர்வுச் சோதனைக்குப் பின் கோடு உடைந்திருந்தால் திருகு சுழன்றிருக்கிறது. எபாக்ஸியால் ஒட்ட வேண்டிய உயரமான கெபாசிட்டர்களையும் கனெக்டர்களையும் ஒட்டும் முன் படம் எடுத்துவையுங்கள். மூடியபின் உள்ளே என்ன இருக்கிறது என்று படம்தான் சொல்லும். மூலையிலுள்ள தண்டவாளங்கள் 8.5 மி.மீ.க்குக் குறையாத அகலத்தில், கடின அனோடைஸ் செய்த அலுமினியமாக இருக்க வேண்டும். அனோடைஸ் பூச்சும் பருமனைக் கூட்டும் என்பதை மறந்து, கடைசி மாதத்தில் கோள் டெப்ளாயருக்குள் (விண்ணில் கோளை வெளியே தள்ளிவிடும் பெட்டி) நுழையாமல் நிற்பது உண்டு. பூச்சுக்குப் பின் அளந்த அளவே அளவு.

மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாமல் கைவைக்காதீர்கள். கடலோர ஊர்களில் இன்னொரு கவலையும் உண்டு. ஈரக்காற்றும் உப்பும் சேர்ந்து கனெக்டர் முனைகளை மெல்ல அரிக்கும். வேலை முடிந்ததும் பலகைகள் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய நிலைமின் தடுப்புப் பைக்குள் போக வேண்டும். இரவு முழுக்க ஏ.சி. அணைந்து காலையில் போடப்படும் அறையில் திறந்து வைப்பது மிக மோசம்.

அதிர்வுச் சோதனை

எந்த ஏவூர்தி என்று தெரிந்தால் அதன் ஆவணம் சொல்லும் அளவே உங்களுக்குச் சட்டம். தெரியாத நிலையில் பலரும் எடுத்துக்கொள்வது நாசாவின் கொடார்டு மையத்துத் தரம். 20 ஹெர்ட்ஸில் 0.026, 50 முதல் 800 ஹெர்ட்ஸ்வரை 0.16, 2000 ஹெர்ட்ஸில் மீண்டும் 0.026 என்று ஹெர்ட்ஸுக்கு ஜி-வர்க்க அலகில் போகும் வளைவு. மொத்தம் 14.1 ஜி ஆர்.எம்.எஸ். (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், ஆர்.எம்.எஸ். என்பது ஒருவகைச் சராசரி). தகுதிச் சோதனைக்கு ஒரு அச்சுக்கு 2 நிமிடம். பறக்கும் கோள் ஒன்றே ஒன்றுதான் என்றால் அதே அளவில் 1 நிமிடம். மாதிரிக்கோள் ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டால் பறக்கும் கோளுக்கு 10 ஜி ஆர்.எம்.எஸ்., 1 நிமிடம் போதும். பணம் இருந்தால் மாதிரிக்கோள் ஒன்றைக் கட்டுங்கள். பறந்தபின் தரையில் கோளாறைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்கவும் அதுதான் உதவும்.

ஒவ்வொரு அச்சிலும் வரிசை இதுதான்: முதலில் 0.25 ஜி போன்ற மிகக் குறைந்த அளவில் சைன் அலையை மெதுவாக ஏற்றி ஒத்ததிர்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு ரேண்டம் அதிர்வு, பிறகு மீண்டும் அதே சைன். முதல் ஒத்ததிர்வு 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது அல்லது விரிந்திருக்கிறது. திறந்து பார்க்காமல் அடுத்த அச்சுக்குப் போகாதீர்கள். பேட்டரிப் பொதி, நடுவில் தாங்கல் இல்லாத பலகை, உயரமான இண்டக்டர், சோலார் செல்லின் ஓரம் ஆகியவைதான் வழக்கமாகக் கேடு காணும் இடங்கள்.

சோதனையில் கோள் டெப்ளாயரின் மாதிரிப் பெட்டிக்குள், ஆர்.பி.எஃப். பின் (பறக்கும் முன் கழற்ற வேண்டிய பாதுகாப்பு ஊசி) கழற்றி, பெட்டிக்குள் இருக்கும்வரை மின்சாரத்தைத் தடுக்கும் ஸ்விட்சுகள் அழுந்திய நிலையில், பறக்கும்போது இருப்பது போலவே இருக்க வேண்டும். முடிந்ததும் முதல் வேலையாக நினைவகத்தில் எத்தனை முறை எழுந்தது என்ற எண்ணைப் படியுங்கள். அது கூடியிருந்தால் அதிர்வில் ஸ்விட்ச் துள்ளி, கோள் ஏவூர்திக்குள்ளேயே எழுந்திருக்கிறது. மேலே எழுதிய அழியாத டைமர் இங்கே எதிரியாக மாறும். தொடர்ந்து சில விநாடி ஸ்விட்ச் திறந்திருந்தால் மட்டுமே மின்சாரம் செல்லும்படி ஹார்டுவேரில் தாமதம் வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்விட்சைத் தொடராக இணையுங்கள்.

தெர்மோவேக்

10⁻⁵ டார் அழுத்தத்துக்குக் கீழே, வெப்ப ஆய்வு சொல்லும் எல்லைக்குக் கொஞ்சம் அப்பால்வரை கோளைச் சூடாக்கியும் குளிர்வித்தும் பார்ப்பது. எலெக்ட்ரானிக்ஸுக்கு -20 முதல் +50 டிகிரி, பேட்டரிக்கு 0 முதல் +40 என்பது 1யுவுக்கு நியாயமான தொடக்கம். நான்கு சுற்றாவது ஓட்டுங்கள். ஒவ்வொரு உச்சியிலும் வெப்பநிலை நிலைத்தபின் இரண்டு மணி நேரம் வைத்து, முழுச் சோதனைப் பட்டியலையும் நடத்துங்கள். குளிர் உச்சியில் கோளை அணைத்து மறுபடி எழுப்பிப் பாருங்கள். அறை வெப்பத்தில் எழுந்து குளிருக்குள் போன கோளும், குளிரிலேயே எழும் கோளும் ஒன்றல்ல.

காற்றில் தெரியாத சூடு இங்கே தெரியும். ரேடியோவின் பவர் ஆம்ப்ளிஃபையர் பலகையில் சரியான செம்புத் தடம் இல்லாவிட்டால், பத்து நிமிடத் தரவிறக்கத்தில் பாதியிலேயே தன்னை அணைத்துக்கொள்ளும். கிரிஸ்டல் குளிரில் நகர்ந்து, உங்கள் ரிசீவர் கேட்கும் இடத்தில் சிக்னல் இருக்காது. வெப்ப ஈடு கொண்ட ஆஸிலேட்டரை வாங்கக் கஞ்சத்தனம் வேண்டாம். ஆவி கக்க வைக்கும் பேக்-அவுட்டை 60 டிகிரியில் செய்யச் சொன்னால், பேட்டரியைக் கழற்றிவிட்டு அல்லது தயாரிப்பாளர் அனுமதிக்கும் வெப்பத்தில் கூடுதல் நேரம் செய்வதற்கு ஏவுநரிடம் முன்பே ஒப்புதல் வாங்குங்கள்.

தொடாமல் இரண்டு வாரம்

இந்தச் சோதனைக்குத்தான் பெரும்பாலான குழுக்களிடம் நாள் மிச்சம் இருப்பதில்லை. அடுக்கி மூடிய கோளை ஒரு அறையில் வைத்து, பூட்டிவிடுங்கள். நாளுக்கு நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் மட்டும், ரேடியோ வழியாக மட்டும் பேசுங்கள். கோளைத் தொட்டால், கேபிள் மாட்டினால், கணக்கு முதல் நாளிலிருந்து தொடங்கும். கட்டுப்பாட்டு மேசையில் உட்காருபவர் ஒவ்வொரு நாளும் மாறட்டும், கோளைக் கட்டாதவரும் உட்காரட்டும். செய்முறைத் தாளில் விட்டுப்போனதெல்லாம் அவர் கையில்தான் வெளிப்படும்.

தூரத்தையும் பொய்யாகப் படைக்க வேண்டும். கோள் அடிவானத்தையொட்டி இருக்கும்போது 2000 கி.மீ. தள்ளி இருக்கும். 437 மெகா ஹெர்ட்ஸில் அந்த வழியில் இழப்பு 151 டெசிபல். கோளை உலோகப் பெட்டியில் அடைத்து, கேபிளில் அட்டெனுவேட்டர்களை வரிசையாக மாட்டி, இரு பக்க ஆன்டெனா ஆதாயத்தையும் கழித்து அந்த இழப்பைக் கொண்டுவாருங்கள். பெட்டி இல்லாமல் செய்தால் சிக்னல் காற்றுவழி கசிந்து ஏமாற்றும். மேலே போகும் கட்டளையின் அதிர்வெண்ணை 10 கிலோ ஹெர்ட்ஸ் கூட்டியும் குறைத்தும் அனுப்பிப் பாருங்கள். 437 மெகா ஹெர்ட்ஸில் டாப்ளர் நகர்வு (கோளின் வேகத்தால் அதிர்வெண் மாறுவது) அந்த அளவுக்கு இருக்கும்.

இந்த ஓட்டம் முடிந்தபின் மென்பொருளில் ஒரு வரிகூட மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஓட்டத்தையும் மறுபடி நடத்துங்கள்.

இவ்வளவுக்கும் நாளும் ஆளும் இல்லை என்று தெரிந்தால், தனிக்கோளை விட்டுவிட்டு இஸ்ரோவின் போயம் மேடையில் ஒரு கருவியாக ஏறுவதை நேர்மையாகப் பரிசீலியுங்கள். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டம் சுற்றுப்பாதையில் தங்கி மின்சாரமும் தகவல் தொடர்பும் கொடுக்கும். கலாம்சாட்-வி2 2019 ஜனவரி 24 அன்று அப்படி நான்காம் கட்டத்தோடு இணைந்தே இருந்தது. 2022 ஜூன் 30இல் போயம்-1 தன் நிலையைத் தானே சீராக்கிக்கொள்ளும் மேடையாக வந்தது. முதல் முறை கட்டும் சிறு குழுவுக்கு அதுவே நல்ல பள்ளி.

ஒப்படைத்த பிறகு

ஏவுநரிடம் கொடுத்த கோள் மாதக்கணக்கில் டெப்ளாயருக்குள் காத்திருக்கலாம். அணைந்த நிலையில் பேட்டரியிலிருந்து எத்தனை மைக்ரோ ஆம்பியர் கசிகிறது என்று அளந்து, ஆறு மாதத்துக்குப் பின் என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுக் கொடுங்கள். கடைசி சார்ஜை எங்கே, யார், எந்தத் துளை வழியாகச் செய்வது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

பீக்கனின் வடிவம், பாட் வேகம் (விநாடிக்கு எத்தனை குறியீடு), ஒவ்வொரு பைட்டும் எதைக் குறிக்கிறது என்பதை ஏவுதலுக்கு ஒரு மாதம் முன்பே வெளியிடுங்கள். உங்கள் ஊரில் கோள் தலைக்கு மேல் வரும் முன்பே வேறு நாட்டு அமெச்சூர் ரேடியோக்காரர் கேட்டுச் சொல்லிவிடுவார். சாட்னாக்ஸ் போன்ற திறந்த நிலைய வலைப்பின்னலில் முன்பதிவும் செய்யலாம்.

முதல் சில நாட்கள் டி.எல்.இ. (கோளின் பாதையைச் சொல்லும் இரு வரி எண்கள்) குழப்பம் இருக்கும். 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி.-சி37 ஒரே முறையில் 104 கோள்களை விட்டது. அப்படிப்பட்ட கூட்டத்தில் எந்தப் பொருள் உங்களுடையது என்று ரேடார் பட்டியல் உடனே சொல்லாது. ஏவுநர் கொடுத்த கணிப்பில் தொடங்கி, கேட்ட சிக்னலின் டாப்ளர் வளைவு எந்தப் பொருளோடு பொருந்துகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

எதுவும் கேட்காவிட்டால் முதல் இரண்டு நாள் வெறுமனே கேளுங்கள். எதிர்பார்க்கும் அதிர்வெண்ணுக்கு இருபுறமும் 50 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஐ.கியூ. பதிவு (ரேடியோ அலையை அப்படியே சேமிக்கும் மூலப் பதிவு) எடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு பாஸிலும் (கோள் உங்கள் வானைக் கடக்கும் ஒவ்வொரு முறையும்) மறுமொழியை எதிர்பார்க்காமல் மூன்று கட்டளை: ஆன்டெனாவை மறுபடி விரி, பீக்கனைத் தொடங்கு, மின் பலகையை ரீசெட் செய். டாப்ளர் திருத்தத்தோடு ஒருமுறையும் 5 கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி இருமுறையும் அனுப்புங்கள். பெரிய டிஷ் உள்ள நிலையங்களிடம் உதவி கேளுங்கள். வெயில் நேரம் கூடும் பருவத்துக்குக் காத்திருங்கள். தீர்ந்த பேட்டரி அப்போது எழ வாய்ப்பு உண்டு. 1974 நவம்பர் 15இல் ஏவப்பட்ட அம்சாட்-ஆஸ்கர் 7 என்ற அமெச்சூர் ரேடியோக் கோள், பேட்டரி ஷார்ட் ஆகி 1981இல் அடங்கியது. பின்னர் அந்த ஷார்ட் தானே திறந்துகொள்ள, 2002 ஜூனில் சோலார் பேனல் மின்சாரத்தில் மட்டும் மறுபடி பேசத் தொடங்கியது.

ஒவ்வொரு பாஸிலும் அனுப்பிய கட்டளை, நேரம், ஆன்டெனா நோக்கிய திசை, பயன்படுத்திய டி.எல்.இ. ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். ஐ.கியூ. கோப்புகளில் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள். சரியான டி.எல்.இ. கைக்கு வந்தபின் முதல் நாள் பதிவுகளைத் திருத்திய டாப்ளரோடு மறுபடி அலசுங்கள். தவறவிட்ட பீக்கன் அவற்றில் இருக்கக்கூடும்.